பதின்மூன்று மாதம் நாங்கள் பார்க்காமல் விட்டது

எங்கள் பள்ளியில் 34 குழந்தைகள், 6 ஆசிரியர்கள். கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்காக மட்டும் நடக்கும் சின்னப் பள்ளி. பின்னால் பெரிய நிர்வாகமோ கிளைகளோ கிடையாது. காலையில் ஒரு பிள்ளை பையை இறக்கி வைக்கும் விதத்தைப் பார்த்தே இன்று அவனுக்கு மனசு சரியில்லை என்று சொல்லிவிடுவோம், அவ்வளவு நெருக்கம். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு பையன் 13 மாதம் வாசிப்பில் நகராமலே இருந்திருக்கிறான், எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. இது எப்படி நடந்தது, தெரிந்தபிறகு என்ன செய்தோம் என்பதை முழுதாக எழுதி வைக்கிறேன். அவனும் பெற்றோரும் சம்மதித்த பிறகுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். நான் இங்கே சிறப்பாசிரியர். அந்த 13 மாதமும் அவனுக்குப் பாடம் எடுத்தவர்களில் நானும் ஒருத்தி.

வந்தபோது

பத்து வயதில் வந்தான். பழைய பள்ளியில் கடைசி பெஞ்ச், தினமும் காலையில் வயிற்றுவலி, சொல்வதெழுதுதல் இருக்கும் நாளில் வாந்தி. அசெஸ்மென்ட் ரிப்போர்ட் தெளிவாக இருந்தது: அறிவுத்திறன் வயதுக்கு ஏற்ற அளவில், கணக்கு பரவாயில்லை, வாசிப்பும் எழுத்துக்கூட்டலும் வயதுக்கு மிகவும் கீழே. டிஸ்லெக்சியா என்று நாம் பொதுவாகச் சொல்வது. வந்த வாரத்தில் ஒரு பத்தி கொடுத்துப் படிக்கச் சொன்னோம், ஒரு நிமிடத்தில் 18 சொற்களைச் சரியாகப் படித்தான். அந்த எண்ணைக் குறித்து ஃபைலில் வைத்தோம். வைத்ததோடு சரி.

மூன்றாவது வாரத்தில் வயிற்றுவலி நின்றுவிட்டது. அவனுடைய அம்மா போனில் அழுதுகொண்டே சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது: "டீச்சர், அவனே பையை எடுத்து மாட்டிக்கிட்டு நிக்கிறான்." இரண்டு மாதத்தில் வகுப்பில் கையைத் தூக்கிக் கேள்வி கேட்க ஆரம்பித்தான். இதயத்தில் ரத்தம் எப்படி ஓடுகிறது என்ற பாடத்தை ஒருமுறை காதால் கேட்டுவிட்டு, சின்னப் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்து, இரண்டு பிளாஸ்டிக் பாட்டிலையும் ஒரு ரப்பர் குழாயையும் வைத்து விளக்கினான். வால்வு எதற்கு என்று ஒரு சிறுமி கேட்டதற்கு அவன் சொன்ன பதில் பாடப்புத்தகத்தில் இருந்ததைவிட நன்றாக இருந்தது. நாங்கள் பூரித்துப் போனோம். இப்படி ஒரு பிள்ளை மலர்வதைப் பார்க்கத்தானே இந்த வேலைக்கு வந்தோம் என்று நினைத்தோம், அதில் பொய் ஒன்றும் இல்லை.

1896-ல் பிரிங்கிள் மார்கன் என்ற மருத்துவர் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் பெர்சி என்ற 14 வயதுப் பையனைப் பற்றி ஒரு சிறு குறிப்பு எழுதினார். தன் பெயரையே எழுத்து மாற்றி எழுதுவான், ஆனால் 749-ஐ 867-ஆல் பெருக்கச் சொன்னால் சட்டென்று சரியாகப் போட்டுவிடுவான். பாடம் முழுக்க வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே இவன்தான் கெட்டிக்காரனாக இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதாக அதில் வருகிறது. டிஸ்லெக்சியா பற்றி எந்தப் பயிற்சிக்குப் போனாலும் முதலில் சொல்லப்படும் கதை இது, நானே பலருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் நாங்கள் எங்கள் பையனுக்குச் செய்ததும் கிட்டத்தட்ட இதேதான் என்று எனக்கு உறைக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. பாடம் முழுவதையும் வாய்மொழியாக்கிவிட்டோம். அவனும் கெட்டிக்காரன் ஆகிவிட்டான். எழுத்து அப்படியே கிடந்தது.

பக்கம் திருப்பிய இடம்

ஒரு ஆசிரியர் மகப்பேறு விடுப்பில் போனதால் தற்காலிகமாக ஒருவர் வந்தார். இரண்டாவது நாள் அவனை ஒரு கதைப்புத்தகம் படிக்கச் சொல்லிக் கேட்டார். தடங்கல் இல்லாமல், ஏற்ற இறக்கத்தோடு படித்தான். ஆனால் இடது பக்கத்தில் இன்னும் இரண்டு வரி பாக்கி இருக்கும்போதே வாய் அந்த இரண்டு வரியைச் சொல்லிக்கொண்டிருக்க, கை பக்கத்தைத் திருப்பிவிட்டது. அவர் அதைக் கவனித்தார். நாங்கள் எல்லாரும் அந்தப் புத்தகத்தை அவனோடு சேர்ந்து எத்தனையோ முறை படித்திருக்கிறோம், எங்கள் கண்ணில் பட்டதே இல்லை.

அவர் படத்தைக் கையால் மறைத்துவிட்டு, நடுவில் ஒரு வரியைக் காட்டிப் படிக்கச் சொன்னார். மௌனம். அப்புறம் ஒரு தாளில் அர்த்தமே இல்லாத பத்துச் சொற்களை எழுதிக் கொடுத்தார்: டெமு, கொனி, பிசோ, நுபை, லூகெ, இப்படி. மனப்பாடத்தில் இருக்க முடியாத, படம் பார்த்து ஊகிக்க முடியாத சொற்கள். பத்தில் இரண்டைச் சரியாகப் படித்தான். கொனி என்பதைக் 'கெரனி' என்று படித்தான்.

இந்தக் 'கெரனி'யில் எல்லாமே இருக்கிறது, கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கொ என்ற எழுத்தில் ஒற்றைக்கொம்பு முன்னால், க நடுவில், துணைக்கால் பின்னால். காதில் விழுவதோ முதலில் க், பிறகு ஒ. அதாவது கண் பார்க்கும் வரிசையும் வாய் சொல்லும் வரிசையும் வேறு. போதாததற்குத் துணைக்கால் பார்க்க ர மாதிரியே இருக்கிறது. ஆக அவன் இடமிருந்து வலமாக ஒழுங்காகத்தான் படித்திருக்கிறான்: கெ, ர, னி. கவனக்குறைவு என்று அதை எழுதித் தள்ளினால் அது நம் தப்பு. கொம்பும் காலும் சேர்ந்தால் ஒரே ஒலி என்று அவனுக்கு யாரும் ஒருநாளும் கையைப் பிடித்துக் காட்டவில்லை.

அவர் தாளோடு ஆசிரியர் அறைக்கு வந்தபோது எங்களுக்குக் கோபம்தான் வந்தது. புதிதாக வந்தவர், பையனைப் பற்றி என்ன தெரியும், பயந்திருப்பான் என்றெல்லாம் பேசினோம். நான்தான் அதிகம் பேசினேன். அன்று மாலை ஃபைலைத் திறந்து, வந்த வாரத்தில் கொடுத்த அதே மட்டத்தில் வேறொரு பத்தியை எடுத்து, மறுநாள் நானே ஸ்டாப்வாட்ச் வைத்துப் படிக்கச் சொன்னேன். ஒரு நிமிடத்துக்கு 21 சொற்கள். 13 மாதத்தில் மூன்று சொல்.

எங்கே ஓட்டை

இதை மட்டும் நாங்கள் ஆற அமரச் செய்தோம், மூன்று சனிக்கிழமை ஆனது. முதலில் டைம்டேபிளை எடுத்தோம். வாரத்துக்கு நான்கு வாசிப்பு வகுப்பு, தலா 45 நிமிடம். தாளில் நன்றாகத்தான் இருந்தது. வருகைப் பதிவேட்டையும் ஆசிரியர்களின் டயரியையும் பக்கத்தில் வைத்து எண்ணிப் பார்த்தோம். பத்து வாரப் பருவத்தில் 40 வகுப்பு நடந்திருக்க வேண்டும், நடந்தது 17. சின்னப் பள்ளியில் ஒரு ஆசிரியருக்குக் காய்ச்சல் வந்தால் இரண்டு குழுக்களைச் சேர்த்து உட்காரவைக்க வேண்டும், அன்று வாசிப்பு வகுப்பு போய்விடும். ஆண்டுவிழா ஒத்திகை, பார்வையாளர் வருகை, அவன் நன்றாகப் பேசுவான் என்பதால் அந்தப் பார்வையாளருக்குப் பள்ளியைச் சுற்றிக் காட்டவும் அவனையே அனுப்பியது, எல்லாம் அதே வகுப்பிலிருந்துதான் வெட்டி எடுக்கப்பட்டிருந்தது.

நடந்த 17-லும் என்ன நடந்தது என்று பார்த்தால் அது இன்னும் வேதனை. மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். ஒருவர் படத்தைப் பார்த்து ஊகிக்கச் சொன்னார், இன்னொருவர் முழுச் சொல்லையும் அட்டையில் காட்டி மனதில் பதியவைத்தார், நான் அவனோடு சேர்ந்து படித்தேன், அதாவது நான் படிக்க அவன் அரை நொடி பின்னால் வந்தான். சுவரில் ஒரு சார்ட் தொங்கியது: யார் கண்ணால் கற்பவர், யார் காதால் கற்பவர், யார் கையால் கற்பவர் என்று. அவன் பெயர் காதுப் பட்டியலில். கற்கும் பாணிக்கு ஏற்றபடி சொல்லிக் கொடுத்தால் நன்றாக வரும் என்பதற்குப் போதுமான ஆதாரம் இல்லை என்று பாஷ்லரும் மூன்று உளவியலாளர்களும் 2008-லேயே அலசி எழுதிவிட்டார்கள். நாங்கள் அந்தச் சார்ட்டை ஒவ்வொரு வருடமும் புதிதாக அச்சடித்து மாட்டிக்கொண்டிருந்தோம். அந்தச் சார்ட் இருந்ததால்தான் இவனுக்குக் காதால் கொடுத்தால் போதும் என்ற எண்ணம் எங்களுக்குள் நியாயமாகவே பட்டது.

பாடத்தைப் படித்துக் காட்டியது தப்பா? தப்பு இல்லை, அதில் நான் உறுதியாக இருக்கிறேன். படிக்க வரவில்லை என்பதற்காக ஒரு பிள்ளைக்கு அறிவியலையும் வரலாற்றையும் மறுப்பது அநியாயம், அதைத்தான் பழைய பள்ளியில் அவனுக்குச் செய்தார்கள். 1986-ல் கஃப், டன்மர் என்ற வாசிப்பு ஆய்வாளர்கள் இருவரும் ஒரு எளிய சூத்திரம் கொடுத்தார்கள்: வாசித்துப் புரிந்துகொள்வது என்பது எழுத்தை ஒலியாக்கும் திறனும் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனும் பெருக்கி வருவது. கூட்டி வருவதில்லை, பெருக்கி வருவது. ஒன்று பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் கிடந்தால் இன்னொன்றை எவ்வளவு ஏற்றினாலும் விடை பூஜ்ஜியத்துக்குப் பக்கத்திலேயே கிடக்கும். நாங்கள் ஏற்கெனவே நன்றாக இருந்ததை இன்னும் இன்னும் ஏற்றிக்கொண்டிருந்தோம்.

தனிக் கல்வித் திட்டத் தாளில் இலக்கு என்ற கட்டத்தில் "வாசிப்பில் முன்னேற்றம் காண்பான்" என்று என் கையெழுத்தில் இருக்கிறது. எவ்வளவு, எதில், எப்போது என்று ஒன்றும் இல்லை. மூன்று பருவ அறிக்கையிலும் "ஆர்வத்துடன் பங்கேற்கிறான்" என்ற வரி. அது உண்மைதான். அவன் அம்மா அதைப் படித்துச் சந்தோஷப்பட்டதும் உண்மை.

இதற்கெல்லாம் அடியில் இன்னொன்று இருந்தது. வயிற்றுவலி நின்று சிரிக்க ஆரம்பித்த ஒரு பிள்ளையை மறுபடியும் அவனால் முடியாத ஒன்றின் முன்னால் உட்காரவைக்க எங்களுக்கு மனசு வரவில்லை. வகுப்பு ரத்தானபோது அவனும் நிம்மதியானான், நாங்களும்தான். அதை அன்பு என்று நினைத்தோம், அன்புதான், ஆனால் அதற்கான விலையை அவன் கொடுத்துக்கொண்டிருந்தான்.

மாற்றியது

முதலில் அவனிடம் சொன்னோம். 18, 21 என்ற இரண்டு எண்ணையும் காட்டி, இது எங்கள் தவறு, நீ செய்ய வேண்டியதை எல்லாம் செய்தாய், நாங்கள் சொல்லிக் கொடுக்கவில்லை என்று சொன்னேன். அவன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்ப இங்கேயும் அதேதானா, மிஸ்?" என்று கேட்டான். அந்த வாரம் இரண்டு நாள் வயிற்றுவலி திரும்ப வந்தது. இந்த இடத்தில் நாங்கள் பின்வாங்கியிருப்போம், உண்மையாகச் சொல்கிறேன். தற்காலிகமாக வந்த அந்த ஆசிரியர்தான் விடவில்லை. 20 நிமிடத்துக்கு மேல் போகாது, அவனால் பத்தில் எட்டாவது சரியாகச் செய்ய முடிகிற மட்டத்தில்தான் தொடங்குவேன் என்று அவனிடமே பேசி ஒப்புக்கொள்ள வைத்தார்.

வாசிப்பு வகுப்பு காலை முதல் வகுப்பானது. யார் வராவிட்டாலும் அது ரத்தாகாது; ரத்தாக வேண்டுமென்றால் வேறு எது வேண்டுமானாலும் ஆகட்டும். இரண்டு ஆசிரியர்கள் ஒரே வரிசையில், ஒரே சொற்களைச் சொல்லிக் கற்பிக்கப் பழகினோம், ஒருவர் விடுப்பில் போனாலும் மற்றவர் அதே பக்கத்திலிருந்து தொடர முடியும். முறை புதிதல்ல. 1930-களில் அமெரிக்காவில் ஆர்டன் என்ற மருத்துவரும் கில்லிங்ஹாம் என்ற ஆசிரியரும் உருவாக்கிய வழியின் அடிப்படைதான்: ஒலியிலிருந்து எழுத்துக்கு, எளியதிலிருந்து கடினத்துக்கு, எதையும் ஊகிக்க விடாமல், கற்றதை மறுபடி மறுபடி தொட்டு. தமிழுக்குத் தகுந்த வரிசையை நாங்களே போட வேண்டியிருந்தது.

247 எழுத்து என்று சொல்லிச் சொல்லிப் பழகியதால் அதை 247 படங்களாக மனப்பாடம் செய்யவைக்கிறோம். பெரும்பாலான பிள்ளைகள் எப்படியோ உள்ளே இருக்கும் ஒழுங்கைத் தாங்களே கண்டுபிடித்துவிடுகிறார்கள். இவனைப் போன்றவர்களுக்கு அதைக் கையில் கொடுக்க வேண்டும். 12 உயிர், 18 மெய், பிறகு குறிகள், அவ்வளவுதான். க் ஒரு அட்டை, ஆ ஒரு அட்டை, இரண்டையும் வாயால் சேர்த்துச் சொல்லி, அப்புறம் துணைக்காலைத் தனி அட்டையாக க-வுக்குப் பக்கத்தில் நகர்த்தி வைப்பான். அதே துணைக்காலை ம, ப, த என்று ஒவ்வொன்றின் பக்கத்திலும் வைத்துப் பார்த்தபோது ஒரு நாள் நிமிர்ந்து, "இது ஒண்ணுதானா? எல்லாத்துக்கும் இதேதானா?" என்றான். ஆறு வருடம் பள்ளிக்கூடம் போன பிள்ளை கேட்ட கேள்வி அது.

ஒற்றைக்கொம்பு வரும் எழுத்துகளுக்குக் கொம்பைச் சிவப்பு மையில் எழுதி, "கொம்பைப் பார், வாயை மூடு, எழுத்தைப் பார், கடைசியில் கால் இருக்கிறதா பார், இப்போது சொல்" என்று ஒரு ஒழுங்கு வைத்தோம். மூன்று வாரத்தில் சிவப்பு மை தேவைப்படவில்லை.

வாரம் ஒருமுறை, வெள்ளிக்கிழமை, முன்பின் பார்த்திராத ஒரு பத்தி, ஒரு நிமிடம். சரியாகப் படித்த சொற்களை எண்ணி வரைபடத் தாளில் ஒரு புள்ளி. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி டீனோ உருவாக்கிப் பரவலான முறை இது, சிறப்புக் கல்வியில் இருப்பவர்களுக்குத் தெரிந்ததுதான், தெரிந்தும் நாங்கள் செய்யவில்லை. தமிழில் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீள்வதால் ஆங்கிலத்துக்கான நிமிட அளவுகளைக் கொண்டுவந்து போட முடியாது. அவனை அவனோடு மட்டும்தான் ஒப்பிட்டோம். புள்ளியை அவனே வைத்தான். எவ்வளவு வேகத்தில் முன்னேற வேண்டும் என்று தாளில் முன்கூட்டியே போட்டு வைத்த இலக்குக் கோட்டுக்குக் கீழே தொடர்ந்து நான்கு புள்ளி விழுந்தால் சொல்லிக் கொடுக்கும் விதத்தை மாற்ற வேண்டும் என்பது விதி. மாற வேண்டியது கற்பிப்பவர் என்று தாளிலேயே எழுதி ஒட்டினோம், அவன் பார்க்கும்படியாக.

அந்த விதி வேலை செய்தது. ஏழாவது வாரத்துக்குள் நான்கு புள்ளி கீழே விழுந்துவிட்டது. பழைய நாங்களாக இருந்தால் இன்னும் ஒரு பருவம் பொறுத்திருப்போம். தவறுகளை எடுத்து அடுக்கிப் பார்த்தால் கிட்டத்தட்ட எல்லாமே உகர வரிசையில். இது தமிழ் எழுத்தில் உண்மையிலேயே கடினமான இடம். ஆகாரத்துக்குத் துணைக்கால் ஒன்று போதும், ஆனால் உகரத்துக்கு கு, டு, மு ஒரு விதம், சு, பு, வு இன்னொரு விதம், து, நு, னு வேறு விதம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்தில் ணை, லை, ளை, னை போன்றவை ஒழுங்குக்கு வந்துவிட்டன, உகர ஊகாரம் அப்படியே நின்றுவிட்டது. நாங்கள் அந்த வரிசை முழுவதையும் இரண்டு வாரத்தில் ஓட்டியிருந்தோம். திரும்பப் போய், ஒரே வடிவக் குழுவை மட்டும் ஒரு வாரம், அது படிந்த பிறகுதான் அடுத்தது என்று பிரித்தோம். புள்ளிகள் மேலே போகத் தொடங்கின.

பகல் முழுக்க மற்ற பாடங்களை முன்போலவே காதால் கேட்டான். அதில் ஒன்றையும் குறைக்கவில்லை.

எட்டு மாதம் கழித்து

47 சொற்கள். அர்த்தமில்லாச் சொற்களில் பத்துக்கு எட்டு. ண, ன, ந எழுதும்போது இன்னும் குழம்புகிறான், ர ற குழப்பமும் போகவில்லை. சத்தமாகப் படிக்கும்போது நீளமான சொல் வந்தால் நின்று, உதடு அசையக் கூட்டி, பிறகு சொல்கிறான். அவன் வயதுப் பிள்ளைகளோடு வைத்தால் மெதுவான வாசகன்தான், பெரிய வகுப்புகளிலும் கூடுதல் நேரம் வேண்டும், நீண்ட பாடங்களுக்கு ஒலிப்புத்தகம் வேண்டும். டிஸ்லெக்சியா போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள் என்று பெற்றோரிடம் எழுத்திலேயே கொடுத்திருக்கிறோம். கண் பயிற்சி, வண்ணக் கண்ணாடி என்று யாரோ சொல்லி அவர்கள் அலைந்த காலம் உண்டு. அவை வாசிப்புக் குறைபாட்டைச் சரிசெய்யும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் கண் மருத்துவர்களும் 2009-ல் கூட்டாக அறிக்கையே விட்டிருக்கிறார்கள். அதையும் உட்கார்ந்து பேசினோம்.

இது ஒரே ஒரு பிள்ளையின் கதை என்பதால் எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. வரிசையா, தினமும் தவறாமல் நடந்ததா, அந்த ஆசிரியரா, வரைபடத்தைத் தன் கையில் வைத்திருந்ததா? முதல் 13 மாதத்தில் கிடைத்த தைரியம் இல்லாமல் போயிருந்தால் இந்த 8 மாதத்தை அவன் தாங்கியிருப்பானா என்பதும் எனக்குள் ஓடுகிறது. தாங்கியிருக்க மாட்டான் என்றுதான் நினைக்கிறேன். அதனால் அந்த வருடத்தை வீண் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் இரண்டையும் ஒன்றாகச் செய்திருக்கலாம், செய்ய ஆள் இருந்தது, நேரம் இருந்தது.

அப்புறம் மற்ற 33 ஃபைலையும் திறந்தோம். இன்னும் ஐந்து பேர் கிட்டத்தட்ட இதே நிலையில் இருந்தார்கள். ஐந்து வீட்டுப் பெற்றோரையும் தனித்தனியாக அழைத்து, எண்களைக் காட்டி, தவறு எங்களுடையது என்று சொன்னோம். ஒரு அப்பா எழுந்து, இரண்டு வருடத்தை யார் திருப்பித் தருவீர்கள் என்று கேட்டார். பதில் இல்லை. அடுத்த பருவம் அவர் மகளை வேறு பள்ளியில் சேர்த்துவிட்டார், அவர் செய்தது சரி. போகும்போது அவளுடைய ஒரு மாத வரைபடத்தையும், எந்த எழுத்து வரை வந்திருக்கிறாள் என்ற தாளையும் கையில் கொடுத்து அனுப்பினோம்.

சார்ட்டைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டோம். புதிய சேர்க்கையை ஒரு வருடம் நிறுத்திவைத்திருக்கிறோம், காலை வாசிப்பு வகுப்பை இரண்டு இரண்டு பேராக எடுக்க இப்போதைக்கு இருக்கும் ஆள் இவ்வளவுதான். கணக்கில் இன்னும் இந்த வேலை தொடங்கவே இல்லை. எண்களின் அளவே பிடிபடாத ஒரு பெண் இருக்கிறாள், எட்டும் மூன்றும் எத்தனை என்றால் இன்னும் விரலில் ஒன்றிலிருந்து எண்ணுகிறாள், வந்து ஒரு வருடம் முடியப் போகிறது, எல்லாருக்கும் செல்லப் பிள்ளை. அவளுக்கான முதல் வரைபடத் தாளை அவன்தான் கோடு போட்டுக் கொடுத்தான். வரும் வெள்ளிக்கிழமை முதல் புள்ளி வைக்கிறோம்.